சம்பளக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

(பெல்மதுளையில் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் எந்தச் சங்கத்துக்கும் பக்கம் பேச வரவில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை என்றதும் "எத்தனை ரூபாய் கூடும்?" என்றுதான் நாம் கேட்கிறோம். அந்த ரூபாய் எந்தப் பெயரில் வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

2016 ஒக்டோபரில் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500 தான். வரவுக் கொடுப்பனவு 60, விலைப்பங்கு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. கொழுந்து குறைந்தால் 140 இல்லை. வேலை நாளில் நூற்றுக்கு 75 வராவிட்டால் 60 இல்லை.

2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. 60உம் 140உம் போய்விட்டன. விலைப்பங்கு 50. மொத்தம் 750. "இத்தனை போராட்டத்துக்கும் இருபது ரூபாயா?" என்று லயத்துக்கு லயம் பேச்சு.

கணக்கைப் பாருங்கள். 25 நாள் வேலை செய்து எல்லாக் கொடுப்பனவும் எடுத்தவருக்கு மாதம் 500 கூடியது. அடிப்படையில் மட்டும் ஈ.பி.எப். கணக்கிட்டால், நூற்றுக்கு 8 வீதம் 400 கூடுதலாகப் பிடிபடும். கைக்கு வருவது 100 தான். ஆனால் தோட்டம் கட்டும் நூற்றுக்கு 12உம் 600 கூடும். நிதியில் மாதம் 1,000 அதிகம் சேரும். நோய்நொடியால் வரவும் கொழுந்தும் குறைந்தவருக்கோ, 530 இருந்த இடத்தில் 750 உறுதியானது. ஒரே ஒப்பந்தம், ஆளுக்கு ஆள் வேறு பலன்.

ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான். அமெரிக்காவில் டெல்டா கம்பனி விமானிகள் 2004இல் நூற்றுக்கு 32.5 சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். 2023இல்தான் நூற்றுக்கு 34 உயர்வுக்கு ஒப்பந்தம் செய்தார்கள், அதுவும் சில வருசங்களில் படிப்படியாக. விட்டுக்கொடுப்பது ஒரு நாள் வேலை, திரும்ப எடுப்பது பல வருச வேலை.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900உம் 100உம் சேர்ந்து 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தம் நின்றுபோனது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆனது. வர்த்தமானி சங்கத்தில் இல்லாதவருக்கும் சட்டம். ஆனால் அது ஆகக்குறைந்த சம்பளத்தைத்தான் சொல்லும். கிலோ அளவு, வேலை நாள் பற்றி கம்பனியோடு பேசத்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை மூன்று கேள்வி கேளுங்கள். அடிப்படை எவ்வளவு? நிபந்தனையோடு வருவது எவ்வளவு? கிலோ கூடுமா? பதிலைத் தமிழில் எழுத்தில் வாங்குங்கள். சம்பளத் துண்டை வீசாமல் வையுங்கள். பேசப் போகிறவருக்கு அதுதான் பலம்.