பதினாலாயிரம் அடியில் இரண்டு விமானங்கள்

1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து சவூதிக்குக் கிளம்பிய போயிங் 747 விமானமும், கஜகஸ்தானிலிருந்து டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த இல்யூஷின் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு அருகே நடுவானில் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பலர் பிழைப்புக்காக வளைகுடா போன இந்தியர்கள். கஜகஸ்தான் விமானிகளுக்கு ஆங்கிலம் போதாது, அதனால் வந்த வினை என்றே இன்றுவரை பேசப்படுகிறது. விபத்தை விசாரித்த நீதிபதி லகோத்தி ஆணையமும் அதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. சரிதான். ஆனால் பழியை மொழியறிவின் தலையில் மட்டும் கட்டிவிட்டால், நூற்றுக்கணக்கான உயிர்களை வெறும் வாய்வார்த்தையின் பொறுப்பில் விட்டுவைத்த ஏற்பாடு தப்பித்துக்கொள்கிறது.

நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இறங்கும் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், ஏறும் விமானம் 14,000 அடியில். எதிரே 14 மைலில் சவூதி விமானம் வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார் டெல்லி விமானக் கட்டுப்பாட்டாளர். கஜகஸ்தான் விமானத்திலிருந்து தூரத்தைத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த தகவலில் 13 மைல், 140 என்ற மட்டம். 140, அதாவது 14,000 அடி, என்றது எதிர் விமானத்தின் உயரம். இப்படி எண்கள் அடுத்தடுத்து விழுந்த பேச்சுக்குப் பதில் சொன்னவர் கஜகஸ்தான் விமானத்தின் வானொலி இயக்குநர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. அவருக்கென்று தனி உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். விமானமோ 15,000 அடியைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. டெல்லியின் அன்றைய ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எந்த உயரத்தில் என்று காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்பாதை வேறு. ஆக, கட்டுப்பாட்டாளருக்குக் கையிருப்பு காதில் விழுந்த பதில் ஒன்றுதான்.

நல்ல ஆங்கிலம் இருந்தால் போதுமே என்பார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்களே, அங்கே கே.எல்.எம். தலைமை விமானி பிறருக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதில் வானொலி கீச்சிட்டு, காத்திருக்கச் சொன்ன பகுதி அமுங்கிப்போனது. 2008 முதல் சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம் என்பது வேண்டிய காரியம்தான். ஆனால் கீச்சொலிக்கு அது மருந்தாகாது. வாய்வார்த்தையை மட்டும் நம்பக் கூடாது என்பதை ரயில்வே வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தது. டோக்கன் முறை கொண்ட ஒற்றைத் தடத்தில், அந்தத் தடத்துக்கான டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் வாயால் சொன்னது செல்லாது.

அப்படியானால் கருவியே போதுமா? தாத்ரிக்குப் பிறகு மோதல் எச்சரிக்கைக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே மோதிய இரு விமானங்களிலும் அந்தக் கருவி இருந்தது. ரஷ்ய விமானத்துக்குக் கருவி ஏறு என்றது, கட்டுப்பாட்டாளர் இறங்கு என்றார். இறங்கினார்கள், கருவி சொன்னபடி எதிர் விமானமும் இறங்கியது. 71 பேர் மாண்டார்கள். கருவியைக் குறைசொல்லி என்ன பயன்? இரண்டு குரல் முரண்பட்டால் எதற்குக் கட்டுப்படுவது என்பது எல்லோருக்கும் ஒரேமாதிரி விளங்கியிருக்கவில்லை. கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்ற விதி பின்னர்தான் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்கப்பட்டது. இப்போது பல நாடுகளில், விமானி திருகிவைத்த உயரமே கட்டுப்பாட்டாளரின் திரைக்கு வந்துவிடுகிறது. 15,000 என்று ஒப்புக்கொண்டு 14,000 வைத்தால், 15,000 அடியைத் தாண்டுமுன்பே பிடித்துக் கேட்கலாம்.