பங்குச் சந்தையில் ஒழுங்கும் நெகிழ்வும்



காலையில் ஒரு பங்கை வாங்கி, மாலையில் சந்தை மூடுவதற்குள் அதனை விற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளும் வியாபாரம் ஒன்று உண்டு. அதனை நாள்வணிகம் என்பர். தரகர் நிலையத்தில் காத்திருப்போர்க்கே முன்னர் இயன்ற இத்தொழில், இன்று கைத்தொலைபேசி உடைய எவர்க்கும் எட்டுவதாகிவிட்டது. இதிற் புதிதாகக் கால்வைக்க எண்ணுவோர்க்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று ஒழுங்கு, மற்றையது நெகிழ்வு. இவை ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும். எங்கே உறுதியாக நிற்பது, எங்கே வளைந்து கொடுப்பது என்பதை அறியாதவர் முதலையே இழக்க நேரும்.

அமெரிக்காவில் ஜெஸி லிவர்மோர் என்றொருவர் இருந்தார். 1877இற் பிறந்த அவர், இளம் பருவத்திலேயே பொஸ்ரன் நகரத் தரகு நிலையமொன்றிற் பங்கு விலைகளைப் பலகையில் எழுதும் பையனாகச் சேர்ந்தார். விலைகள் ஏறி இறங்கும் விதத்தைக் குறித்து வைத்து ஆராய்ந்தார். அக்காலத்தில் அங்கே பந்தயக் கடைகள் பல இருந்தன. அவற்றிற் பங்கு உண்மையிற் கைமாறுவதில்லை. பலகை விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவதே வழக்கம். விலை பாதகமாகத் திரும்பி, கட்டிய சிறு தொகை கரைந்தவுடன் கணக்குத் தானாகவே முடிந்துவிடும். லிவர்மோர் அங்கே வென்றுகொண்டே இருந்தமையால், கடைக்காரர் அவரை உள்ளே விட மறுத்தனர்.

எட்வின் லெபெவர் 1923இல் வெளியிட்ட நூலொன்று, பெயரை மாற்றி இவருடைய வாழ்க்கையைத் தழுவி எழுதப்பட்டது. நியூயோர்க்கின் உண்மைச் சந்தைக்கு வந்ததும் அவ்விளைஞன் தோற்றமைக்குக் காரணத்தை அந்நூல் விளக்குகிறது. பந்தயக் கடையிற் கண்ட விலையே கிடைத்தது. உண்மைச் சந்தையிலோ, விலைநாடா செய்தி கொண்டுவருவதற்குள் விலை நகர்ந்துவிடும். கட்டளை நிறைவேறுவதற்குள் மேலும் நகர்ந்துவிடும். சிறு அசைவுகளில் இலாபம் பறிக்கும் பழைய வித்தை அங்கே பலிக்கவில்லை. பெரும் போக்குகளுக்காகக் காத்திருக்கக் கற்ற பின்னரே அவன் நிமிர்ந்தான். நெகிழ்வு என்பது இதுவே.

ஆனால் வேறொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. பந்தயக் கடையில் நட்டத்தை நறுக்கியது கடையின் விதி. உண்மைச் சந்தையில் அவ்விதியைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். 1908இல் லிவர்மோர் மற்றொரு வணிகரின் சொல்லை நம்பிப் பருத்தி வாங்கி, அதனாற் பெரும் பொருளை இழந்தார். 1929ஆம் ஆண்டு வீழ்ச்சியிற் பத்துக் கோடி டொலர் அளவில் ஈட்டினார் என்பர். 1934இல் மீண்டும் வங்குரோத்தானார். 1940இற் பங்கு வணிகத்திற்குரிய விதிகளைத் தாமே நூலாக எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் தம் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டார். விதியை அறிவது வேறு, அதன்படி நடப்பது வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். ஒருவரிடம் 1,00,000 ரூபாய் முதல் இருக்கிறது. அதிற் பத்தில் ஒரு பங்கை இழந்தால், மீள்வதற்கு நூற்றுக்குப் பதினொன்று அளவில் ஈட்ட வேண்டும். பாதியை இழந்தாலோ, எஞ்சியதை இரட்டிப்பாக்க வேண்டும். ஆகவே, ஒரு வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 1,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று அவர் உறுதி கொள்ளட்டும். 100 ரூபாய்க்கு வாங்கும் பங்கு 98இற்கு இறங்கினால் விற்பது என்று முடிவு செய்தால், பங்கொன்றுக்கு 2 ரூபாய் ஆபத்து. ஆகவே 500 பங்குகள் வாங்கலாம். சந்தை கொந்தளிக்கும் நாளில் 96 வரை இடம் விட வேண்டியிருந்தால், 250 பங்குகளே வாங்கலாம். பாருங்கள், விதி மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. ஒழுங்கும் நெகிழ்வும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

விற்கும் எல்லையை வாங்கும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். விலை அவ்வெல்லையை அடைந்த பின், "இன்னும் சற்றுப் பார்ப்போம்" என்று அதனைக் கீழே தள்ளுவது நெகிழ்வன்று. அது தன்னையே ஏமாற்றுதல். காலையிற் கொண்ட கருத்தைச் சந்தை பொய்யாக்கினால் அதனைக் கைவிடுவதும், தெளிவில்லாத நாளில் ஒன்றுமே செய்யாதிருப்பதும்தான் நெகிழ்வு. தோணி ஓட்டுபவன் காற்றுக்கேற்பப் பாயைத் திருப்புவான், சுக்கானைக் கைவிடமாட்டான்.

இத்தனையும் கற்றால் வெற்றி நிச்சயமா என்று கேட்பீர்கள். நிச்சயமன்று. இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் ஆராய்ந்தபோது, 2022–23 நிதியாண்டிற் பங்குகளை வாங்கி அன்றே விற்ற தனியாட்களிற் பத்துப் பேரில் எழுவர் நட்டமடைந்திருந்தனர். பிரேசிலில் முந்நூறு நாள்களுக்கு மேல் விடாது முயன்றோரை ஆராய்ந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் இழந்திருந்தனர். ஆதலால், முதலிற் சில மாதங்கள் பணமின்றிக் காகிதத்திலேயே வியாபாரம் செய்து பாருங்கள். பின்னரும் இழந்தாற் குடும்பம் தாங்கக்கூடிய சிறு தொகையையே இடுங்கள். கடன் பணத்தையும், அடைவு வைத்த நகையின் பணத்தையும் சந்தைக்குக் கொண்டு செல்லாதீர்கள். சந்தை நாளையும் திறக்கும். நாளைக்கு முதல் மிஞ்சியிருப்பவனே மேலும் கற்க முடியும்.