நிரலின் கீழே ஒரு கையொப்பம்

1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள், இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் இயங்குகிறது. எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது திறந்த மூல மென்பொருள்; அவ்வகையைச் சேர்ந்த இந்தக் கெர்னலில் ஏற்கப்படும் ஒவ்வொரு திருத்தமும், எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யார் வழியாக உள்ளே வந்தது என்ற குறிப்புகளோடு நிலையான பதிவாகிறது.

இந்தப் பதிவின் கண்டிப்புக்கு ஒரு வழக்கு காரணமாயிற்று. தனக்கு உரிமையுள்ள யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல் லினக்ஸுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டதாகக் கூறி, 2003-இல் எஸ்சிஓ என்ற நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அதையடுத்து 2004-இல், 'இந்த நிரலை உரிய உரிமத்தின்கீழ் அளிக்க எனக்கு உரிமை உண்டு' என்னும் பொருளில் பங்களிப்பாளர் உறுதியளிக்கும் சான்று நடைமுறைக்கு வந்தது. 'சைன்டு-ஆஃப்-பை' என்ற சொல்லுக்குப்பின் அவர் பெயரிடும் ஒற்றை வரியே அதற்கான கையொப்பம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கியபின் இந்தக் கையொப்பத்தின் பொருள் மீண்டும் கேள்விக்குள்ளாயிற்று. பிறர் எழுதிய ஏராளமான நிரல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கருவி, அவற்றுள் வேறு உரிமத்திற்குட்பட்ட வரிகளை அப்படியே திருப்பித் தரக்கூடும் என்பதோடு, சட்டத்தின்முன் உறுதிமொழி அளிக்கும் தகுதியும் அதற்கு இல்லை. எனவே, கருவி தன் பெயரில் கையொப்ப வரியைச் சேர்க்கலாகாது என்றும், அது தந்த நிரலை முழுமையாகப் பரிசீலித்துப் பொறுப்பேற்கும் மனிதரே கையொப்பமிட வேண்டும் என்றும் கெர்னல் திட்டத்தின் ஆவணம் விதிக்கிறது. கருவியின் பங்கு, 'அசிஸ்டட்-பை' என்ற தனி வரியில், அதன் பெயருடனும் மாதிரியின் பதிப்புடனும் குறிக்கப்படுகிறது. தொகுப்பி, உரைத்தொகுப்பான் போன்ற அன்றாடக் கருவிகளை அவ்வாறு குறிக்க வேண்டியதில்லை.

எல்லாத் திட்டங்களும் இவ்வழியை ஏற்கவில்லை. லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான ஜென்டூ 2024-இலும், ஒரு கணினியை மென்பொருளால் போலச்செய்யும் கியூஎமு 2025-இலும், செயற்கை நுண்ணறிவு எழுதிய பங்களிப்புகளுக்குத் தடை விதித்தன. உரிமச் சிக்கலையும், சரிபார்ப்போரின்மீது விழும் சுமையையும் எண்ணினால் அவற்றின் தயக்கம் நியாயமானதே. ஆயினும், இயந்திரம் எழுதிய நிரலைத் தோற்றத்தைக் கொண்டு உறுதியாக இனங்காண இயலாத நிலையில், தடை உண்மையை மறைக்கவே சிலரைத் தூண்டக்கூடும் என்பதால், வெளிப்படையான பதிவே மேலானது.

அந்தப் பதிவும் ஒரு வரியோடு நின்றுவிட்டால் போதாது. எந்தக் கருவி என்பதை அவ்வரி கூறுகிறதேயன்றி, எந்தப் பகுதியை அது எழுதியது, மனிதர் எதை மாற்றினார், என்னென்ன சோதனைகள் நடந்தன என்பவற்றைக் கூறுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பாதுகாப்புக் குறையின் வேரைத் தேடும் பராமரிப்பாளருக்கு இவையே தேவைப்படும். திறந்த மூலத் திட்டங்களுக்கு முதன்முறையாகப் பங்களிக்க முன்வரும் மாணவர்கள், அந்தந்தத் திட்டத்தின் விதியைப் படித்தறிந்து, இவ்விவரங்களைத் திருத்தத்தின் விளக்கக் குறிப்பிலேயே எழுதி அனுப்ப வேண்டும்.