கஜானாவின் சாவி: வென்ற படை தோற்ற நாட்டை ஆளும் விதம்

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரிகேட் மைதானத்துப் பேரணிகளுக்கு வந்தவர்கள் அந்தப் பரந்த வெளியை நன்கு அறிவார்கள். அது இயற்கையாய் அமைந்த வெளி அன்று. அங்கே கோவிந்தப்பூர் என்ற கிராமம் இருந்தது. பிளாசிப் போருக்குப் பின் புதிய வில்லியம் கோட்டை எழுப்பப்பட்டபோது, பீரங்கிக் குண்டுகள் தடையின்றிப் பாய்வதற்காக ஊரும் காடும் அகற்றப்பட்டன. குடிமக்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பின்னாளில் அதே வெளியில் உழவரும் தொழிலாளரும் செங்கொடியுடன் லட்சக்கணக்கில் கூடினர் என்பது வேறு கதை.

அந்தப் படை புறப்பட்ட இடம் சென்னைப்பட்டணம். 1756 அக்டோபரில் கிளைவும் வாட்சனும் அங்கிருந்து கப்பலேறினர். தென்னாட்டில் திரட்டப்பட்ட சிப்பாய்களும் உடன் சென்றனர். 1757 ஜனவரியில் கல்கத்தா மீட்கப்பட்டது. ஜூன் 23 அன்று பிளாசியில் நவாப் சிராஜ் உத் தௌலா வீழ்ந்தார். போரைவிடப் பேரமே பெரிதாக இருந்தது. தளபதி மீர் ஜாபர் அரியணை ஏற்றப்பட்டார். அதற்கு விலையாகக் கம்பெனிக்கு 1 கோடி ரூபாயும் கல்கத்தாவின் ஆங்கிலேயர்களுக்கு 50 லட்சமும் தர ஒப்பினார். கிளைவ் தமக்கென்று பெற்றது இரண்டு லட்சம் பவுனுக்கும் மேல்.

ஆயினும் முர்ஷிதாபாத் அரண்மனையில் கம்பெனியின் கொடி ஏறவில்லை. நவாபின் தர்பார், காஜி, கொத்தவால் எல்லாம் முன்போலவே இருந்தன. தவணை கட்ட இயலாத மீர் ஜாபர் 1760இல் இறக்கப்பட்டு மீர் காசிம் அமர்த்தப்பட்டார். அவரோ சற்று முதுகெலும்புள்ளவர். கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த வாணிபத்துக்கும் சுங்கம் கட்ட மறுத்ததைக் கண்டு, உள்நாட்டு வணிகர் உட்பட எல்லோருக்கும் சுங்கத்தை நீக்கினார். அதுதான் அவர் செய்த குற்றம்! போர் மூண்டது, 1764 அக்டோபரில் பக்சாரில் முடிந்தது.

1765 ஆகஸ்ட் 12 அன்று முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமை பெறப்பட்டது. பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். நவாபுக்கு ஏறத்தாழ 53 லட்சம். வரி கம்பெனிக்கு; காவலும் நீதியும் பெயரளவில் நவாபுக்கு. வசூலை நடத்தவும் துணைத் திவானாக முகமது ரெசா கான் என்ற இந்தியப் பிரபுவே அமர்த்தப்பட்டார். பாடநூல்கள் இதனை 'இரட்டை ஆட்சி' என்கின்றன. அந்தச் சொல் உண்மையை மறைக்கிறது. கஜானாவின் சாவி ஒரே கையில் இருந்தது. இரண்டாவது கை பழி சுமப்பதற்கு.

மீர் ஜாபரின் இறுதி ஆண்டான 1764-65இல் வங்காளத்தின் நிலவரி சுமார் 8 லட்சத்து 17 ஆயிரம் பவுன். திவானியின் முதல் ஆண்டில் அது 14 லட்சத்து 70 ஆயிரம் என்பது ரொமேஷ் சந்திர தத் தரும் கணக்கு. அதுவரை வங்காளத்துத் துணியும் பட்டும் வாங்க வெளியிலிருந்து வெள்ளி வந்தது. இனி வங்க உழவனின் வரியைக் கொண்டே வங்க நெசவாளனின் துணி வாங்கப்பட்டது. லண்டனில் விற்ற பணம் திரும்பவில்லை.

1769இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தை, வங்க ஆண்டு 1176ஐக் கொண்டு 'எழுபத்தாறின் பஞ்சம்' என்றே வங்காளிகள் இன்றும் நினைவுகூர்கின்றனர். வரியில் நூற்றுக்கு ஐந்துகூடத் தள்ளப்படவில்லை. மறு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூட்டப்பட்டது. 'நஜாய்' என்றொரு முறை இருந்தது: இறந்தவரும் ஓடிப்போனவரும் வைத்த பாக்கியை அவ்வூரில் எஞ்சியவர் கட்ட வேண்டும். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்றும், ஆனாலும் 1771இன் வசூல் 1768ஐ விஞ்சியது என்றும் 1772 நவம்பரில் இயக்குநர்களுக்கு எழுதியவர் வேறு யாருமல்லர், ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அதே ஆண்டில் கைது செய்யப்பட்டு விசாரணைக்கு உள்ளானவர் ரெசா கான். பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். கஜானா கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இம்முறை பழங்கதையாகிவிடவில்லை. 1945இல் ஜப்பானை ஆளவந்த அமெரிக்கப் படைத்தலைவர் மெக்கார்தர் பேரரசரையும் அமைச்சகங்களையும் கலைக்காமல் அவற்றின் வழியே ஆண்டார். நிலச்சீர்திருத்தம் நடந்தது, தொழிற்சங்கம் அனுமதிக்கப்பட்டது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1947 பிப்ரவரி 1 அன்று பொது வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்தபோது அவரே தடைவிதித்தார். டோக்கியோ விசாரணையில், வென்றவரை விசாரிப்பது யார் என்ற கேள்வியை எழுப்பித் தனித் தீர்ப்பு எழுதியவர் இந்நகரின் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராதாவினோத் பால். கேள்வி நியாயமானது. ஆயினும் அத்தீர்ப்பைக் காட்டி நான்கிங் படுகொலையைக் கழுவ முயலும் ஜப்பானிய வலதுசாரிகளுக்கு அதில் இடம் தரலாகாது.

ஈராக்கில் 2003இல் முறை மாறியது போலத் தோன்றியது. ஆக்கிரமிப்பு நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் பழைய இராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தார். எண்ணெய் வருவாய் சென்று சேர்ந்த நிதி ஆக்கிரமிப்பாளர் கையில் இருந்தது. 39ஆவது ஆணை, எண்ணெய் போன்ற சில துறைகள் தவிர, நிறுவனங்களை முழுமையாக அந்நியர் வாங்க வழிதிறந்தது. சதாமின் சட்டங்களில் ஒன்று கவனமாகக் காக்கப்பட்டது: பொதுத்துறைத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைத் தடுத்த 1987ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் இருக்கும்போதே, அவ்வாண்டு ஆகஸ்டில், பஸ்ராவின் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.