ஹோம் நர்ஸ், நர்ஸ் ஆகலாமா?

சென்னைப் புறநகரில் மாடம்பாக்கம், சேலையூர் பக்கமெல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் இங்கே என்று எத்தனையோ வீடுகள். அங்கே பெரியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ராத்திரி கண்விழிக்கும் பெண்ணை 'ஹோம் நர்ஸ்' என்கிறோம். ஆனால், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்தவர்தான் சட்டப்படி நர்ஸ். மூன்று மாத, ஆறு மாதச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடைக்காது.

பிளஸ் டூ தேறியவர்களுக்கு வழி இருக்கிறது. பெண்களுக்கான ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பு 2 ஆண்டு. ஜி.என்.எம். (பொதுச் செவிலியர்) படிப்பு 3 ஆண்டு. பொதுவான வயது வரம்பு 17 முதல் 35. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேர வந்தால், இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அந்த 35 தடையில்லை. ஜி.என்.எம். முடித்தபின் 2 ஆண்டில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கும் படிக்கலாம்.

பணம் கட்டுமுன் ஒன்று மட்டும் பாருங்கள்: நீங்கள் சேரும் நர்சிங் பள்ளிக்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா?

மற்றபடி பயம் வேண்டாம். முரண்டு பிடிக்கிற தாத்தாவை மாத்திரை விழுங்க வைக்கத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் வந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் பரீட்சை!