கையெழுத்துப் போடும் முன்

(குடியரசு தினத்தன்று கொடியேற்றம் முடிந்ததும் நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

டிபன் தயாராக இருக்கிறது, தெரியும். பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. பின்தெருவில் வாடகைக்கு இருக்கும் நாலு பையன்கள். பனியன் கம்பெனியில் வேலை. ‘வங்காளம் பேசுகிறார்கள், பங்களாதேஷ் ஆட்களா?’ என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரத்தில் பேச்சு அந்தப் பையன்களை விட்டுவிட்டு டெல்லிக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் ‘நாட்டுப் பாதுகாப்பு’, மறுபக்கம் ‘மனித உரிமை’. பதினைந்து வருஷமாக ஒன்றாக வாக்கிங் போன இரண்டு பேர் இப்போது தனித்தனியாகப் போகிறார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

பாதுகாப்பு என்பது வெறும் அரசியல் கோஷம் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. அரை நாள் பேங்க் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். கோவையில் வரிசையாகக் குண்டு வெடிக்கிறது என்று செய்தி வந்தது. 58 பேர் இறந்தார்கள். நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் அங்கே. போன் லைன் கிடைக்காமல் அன்று ராத்திரி தவித்தது இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்!

அதனால் கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று அவர் யோசித்தாரா என்பதுதான் என் கேள்வி.

2002 மார்ச்சில் பாராளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பொடா சட்டம் நிறைவேறியது. வைகோவின் மதிமுக அன்று வாஜ்பாய் அரசை ஆதரித்த கூட்டணியில் இருந்தது, பொடாவையும் ஆதரித்தது. அடுத்த ஜூன் 29-ல் திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக அவர் பேசினார். தடை செய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்தார் என்று ஜெயலலிதா அரசு வழக்குப் போட்டது. ஜூலை 11-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரைச் சென்னையில் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தில்? அதே பொடாவில். ஆதரித்து நாலு மாதம்கூட ஆகவில்லை! வேலூர் சிறையில் ஏறக்குறைய 19 மாதம். வெறும் வார்த்தையில் ஆதரவு சொல்வது மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதத்துக்கு உதவும் நோக்கமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது. 2004 பிப்ரவரியில்தான் ஜாமீனில் வெளியே வந்தார்.

பேங்கில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்குபவருக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வருபவர் பத்திரத்தைப் படிக்கவே மாட்டார். ‘நம்ம ஆளுதானுங்களே’ என்பார். நோட்டீஸ் தன் வீட்டுக்கு வரும்போதுதான் ஷரத்தைக் கேட்பார். அதுவரை நாம் வாயில்லாப் பூச்சி.

கட்சிகளை நம்பி இதில் பயனில்லை. காங்கிரஸ் பொடாவை எதிர்த்தது. 2004-ல் ஆட்சிக்கு வந்ததும் ரத்தும் செய்தது. அதே நேரத்தில் அதன் முக்கியமான பிரிவுகளை உபா சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் ஜாமீனை இன்னும் கடினமாக்கியது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம் என்றானது. மிசாவில் தன் ஆட்களைச் சிறைக்கு அனுப்பிய திமுகவும் 2002-ல் வாஜ்பாய் அரசில் இருந்தது, 2008-ல் மன்மோகன் அரசிலும் இருந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மனித உரிமை, ஆட்சிக்கு வந்தால் நாட்டுப் பாதுகாப்பு. நாற்காலி மாறினால் வசனமும் மாறும். நாம் அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் இருக்கிறோம்.

மறுபடியும் கோவை வழக்குக்கு வருகிறேன். தடா சட்டம் 1995-லேயே காலாவதியாகிவிட்டது, பொடா வரவில்லை. சாதாரணச் சட்டங்களை வைத்தே வழக்கு நடந்து 2007-ல் 150 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதே வழக்கில் அப்துல் நாசர் மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல் கோவைச் சிறையில் இருந்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானார். (பின்னால் வந்த பெங்களூரு வழக்கு வேறு.) குற்றவாளி தப்பவில்லை என்று முதல் பக்கம் எழுதலாம். அந்த ஒன்பது வருஷத்தை எந்தப் பக்கம் எழுதுவது? எனக்கு இன்னும் கணக்கு நேராகவில்லை.

கடைசியாக, நம் பின்தெருப் பையன்கள். வீட்டுக்காரர் அவர்களுடைய ஆதார் நகலை வாடகைக்கு விட்ட அன்றே ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறார். மேற்கு வங்காளம், முர்ஷிதாபாத் மாவட்டம். விஷயம் அவ்வளவுதான். யார் வாடகைக்கு வந்தாலும், தமிழோ இந்தியோ வங்காளமோ, ஒரே படிவம், அது ஸ்டேஷனுக்கு மட்டும் போகட்டும். குரூப்பில் யாருடைய போட்டோவும் வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் போட்டோ இன்னும் குரூப்பில்தான் கிடக்கிறது. போட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். டிபனுக்கு முன்னால் அழித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.