ஏணி இல்லாத கோபுரமும் ஏறும் எந்திரமும்

(மாணவர் – தொழிலாளர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பேத்கரியம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு டவர் கிரேனிலிருந்து தொடங்குகிறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஓர் அடுக்குமாடிக் கட்டிட வேலை. போன மாசம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே கிரேன் நிறுத்தினார்கள். எதிரே டீக்கடையில் நின்று பார்த்துக்கிட்டே இருந்தேன். என் அம்மா முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். சும்மாடு கட்டி, பாண்டுச் சட்டியில் கலவை சுமந்து சாரம் ஏறியவள். இப்படி ஒரு எந்திரத்தைப் பார்த்தா என்னால சும்மா கடந்து போக முடியாது.

முதலில் அடித்தளம். பெரிய கான்கிரீட் மேடைக்குள்ளே இரும்புக் கால்களைப் புதைத்து முன்னாடியே இறுக விட்டிருந்தார்கள். சக்கரத்தில் வந்த இன்னொரு கிரேன், கம்பிக்கூடு மாதிரி இருக்கும் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தது. பையன்கள் மேலே ஏறி நின்று போல்ட் முடுக்கினார்கள். உச்சியில் சுழலும் தலை, ஆபரேட்டர் உட்காரும் அறை. அப்புறம் பின்பக்கக் கை. அதில் ஒரே ஒரு எடைக்கட்டையை மட்டும் வைத்தார்கள். மீதியை ஏன் வைக்கவில்லை? முன்கை இன்னும் வரவில்லை. எல்லா எடையையும் பின்னால் ஏற்றினால் கோபுரம் மல்லாந்துவிடும். நீளமான முன்கையைத் தரையிலேயே கோத்து, கயிறு கட்டித் திசை பிடித்து, மெல்ல மேலே கொண்டுபோய் மாட்டினார்கள். பிறகுதான் மீதிக் கட்டைகள்.

கீழே நின்றவர் 'ஆபிஸ், ஆபிஸ்' என்றால் தூக்கணும். 'ஆரியா, ஆரியா' என்றால் இறக்கணும். துறைமுகத்து ஆட்களின் பாஷை அது. ஆரியா என்றால் கீழே இறங்கு என்று அர்த்தம் சொல்லும் ஒரு பாஷை இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மறுநாள் பார்த்ததுதான் அதிசயம். கிரேன் தன்னைத்தானே உயர்த்திக்கொண்டது. கோபுரத்தைச் சுற்றி ஒரு கூடு, அதில் ஹைட்ராலிக் ஜாக்கி. அது தலைப்பகுதியை அப்படியே மேலே தள்ளுது. கழுத்தில் இடைவெளி விழுது. அந்த இடைவெளியில் புதுத் துண்டைச் செருகி முடுக்குறாங்க. அந்த நேரத்தில் முன்கையும் பின்கையும் சமமா நிற்கணும், கிரேனைத் திருப்பவே கூடாது. தப்பினால் கூட்டில் நிற்கிறவன் உயிர் போகும்.

அப்படி நின்ற பையன் ஒருத்தன் டீ குடிக்க இறங்கி வந்தான். ஜார்க்கண்ட் என்றான். பேர் கேட்டேன். முதல் பேரை மட்டும் சொன்னான். எனக்குப் புரிந்தது, மேற்கொண்டு கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா. அதே கட்டிடத்தில் சித்தாள், கண்ணகி நகர்க்காரர். நகரத்துக் குடிசைகளிலிருந்து பிடுங்கி 2000 முதல் கொண்டுபோய்ப் போட்ட ஊர் அது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, மேல உக்காந்து ஓட்டுறாரே, அவரு எவ்ளோ படிச்சிருப்பாரு? எம் பையன் பத்தாவதோட நின்னுட்டான். அவன இதுல ஏத்துவாங்களா?"

என்னால பதில் சொல்ல முடியலை, தோழர்களே.

1920இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது அம்பேத்கர் இந்து சமூகத்தை ஒரு கோபுரத்துக்கு ஒப்பிட்டார். மாடிக்கு ஒரு சாதி; மாடிக்கு மாடி போக ஏணி கிடையாது; எந்த மாடியில் பிறந்தாயோ அங்கேயே சாக வேண்டும். அந்தக் கோபுரம் இன்னும் இடியவில்லை. கட்டிட வேலைக்குள்ளேயே பாருங்கள். சித்தாளாக வந்த பெண் எத்தனை வருஷம் கழித்துக் கொத்தனார் ஆகிறாள்? என் அம்மா ஆகவில்லை. முப்பது வருஷமும் சித்தாள்தான். இரும்புக் கிரேன் தன் கழுத்துக்குள் துண்டு செருகி ஏறுது. அதைக் கட்டிய கைகளுக்கு ஏற வழி இல்லை.

எந்திரம் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று சிலர் புலம்புவார்கள். அம்மாவின் தலையிலிருந்து சுமையை இறக்கும் எந்திரத்தை நான் திட்டமாட்டேன். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் இதைத்தான் வாதாடினார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வு தரும். ஓய்வு இருந்தால்தான் அறிவும் பண்பாடும். தீமை எந்திரத்தில் இல்லை. அதன் பலனைச் சிலர் மட்டும் சுருட்டிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது. ஆகவே நம் கேள்வி கிரேன் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. அதன் ஆசனத்தில் யார் உட்காருவது, அதன் அடியில் யார் சாவது என்பதுதான்.

சாவதும் நாம்தான். 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் அல்ல.

உரிமை தானாக இறங்கி வராது. கட்டுமானத் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நின்றதால்தான் தமிழ்நாட்டில் 1994இல் நலவாரியம் வந்தது. 1996இல் மைய அரசின் சட்டம் வந்தது. 2020இல் அந்தச் சட்டத்தை வேறு 12 சட்டங்களோடு சேர்த்து ஒரே தொகுப்பில் அடக்கிவிட்டார்கள். பெற்றதைக் காப்பதற்கே போராட வேண்டியிருக்கு.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு மூன்று வேலை. உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் நடக்கும் கட்டிட வேலைக்குப் போங்கள். யார் யார் நலவாரியத்தில் பதியவில்லை என்று கேட்டு, உட்கார்ந்து மனு எழுதிக் கொடுங்கள். வடமாநிலத் தொழிலாளியைப் போட்டியாளனாகப் பார்க்காதீர்கள். முதல் பேரோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பையன் நம் ஆள். மூன்றாவது, கிரேன் ஓட்டப் பொறியியல் பட்டம் தேவையில்லை; கண்ணும் காதும் பொறுமையும் முறையான பயிற்சியும் போதும். அந்தப் பயிற்சியைச் சேரிப் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, அரசே உதவித்தொகையோடு தரவேண்டும் என்று கேளுங்கள். வேலைக்கும் உத்தரவாதம் கேளுங்கள்.

அந்த அம்மா இன்னும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறார். பதில் சொல்ல நான் மறுபடி போகணும். வெறுங்கையோடு போக எனக்கு விருப்பமில்லை. உங்களில் நாலு பேர் கூட வந்தால் நல்லது.

ஜெய் பீம்.